தலைமன்னார் முதல் மாத்தளை வரை: நம் முன்னோர் நடந்த சாலை



2024 மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு இலங்கைக்குப் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "என்ன டீச்சர், சிகிரியா எங்கே, யானை எங்கே? வெறும் ரோட்டுப் படமா போட்டிருக்கீங்களே?" என்று. சிகிரியாவும் பார்த்தோம், கண்டி தலதா மாளிகையும் பார்த்தோம். அந்தப் படங்கள் என் மகன் பக்கத்தில் இருக்கின்றன. நான் ரோட்டை மட்டும் படம் எடுத்ததற்குக் காரணம் உண்டு. என்னிடம் படித்த உங்களில் பாதிப் பேருடைய பாட்டன், பூட்டிமார் அந்த ரோட்டில் நடந்தவர்கள். அதைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் நான் பணியில் இருந்த வரை ஒரு வரிகூட வந்ததில்லை. ஆகவே இன்று சரித்திர வகுப்பு. பதிவு நீளமானது. பொறுமையாகப் படியுங்கள். முடியாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

பந்தலூர்ப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் 'பிறந்த இடம்' என்ற பத்தியில் ஹட்டன், பதுளை, நாவலப்பிட்டி, இரத்தினபுரி என்று வரிசையாக இருக்கும். அந்தப் பிள்ளைகளை ஊரில் 'சிலோன்காரங்க பிள்ளைகள்' என்பார்கள். சில நேரம் அது வெறும் அடையாளம். சில நேரம் அதில் ஒரு குத்தல் இருக்கும். அவர்களுடைய பெற்றோரை இலங்கையில் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'இந்தியாக்காரன்', கோபம் வந்தால் 'கள்ளத்தோணி'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். இப்படி ஆனது எப்படி என்பதற்கு விடை அந்தச் சாலையில் இருக்கிறது.

என் வீட்டுக்காரரும் அப்படி வந்தவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1962-ல் பிறந்து, 1974-ல் பன்னிரண்டு வயதில் பெட்டி படுக்கையோடு இந்தியா வந்தவர். பூர்வீகம் திருச்சி ஜில்லா துறையூர்ப் பக்கம். ஐம்பது வருடம் கழித்துப் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கொழும்பில் இறங்கிக் கண்டிக்குப் போவதுதான் எல்லாரும் போகிற வழி. நாங்கள் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் போய், யாழ்ப்பாணத்தில் ஒரு வேன் எடுத்துக்கொண்டு, மன்னாருக்குப் போய், அங்கிருந்து மலைக்கு ஏறினோம். முன்னோர் போன வழியிலேயே போக வேண்டும் என்பது மகனின் யோசனை. நாங்கள் இருவர், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. டிரைவர் தம்பி ஹட்டன்காரர். வழி நெடுக அவரும் ஒரு சரித்திரப் புத்தகம்தான்.

முதலில் இந்த வழி ஏன் உண்டானது என்று பார்ப்போம்.

கண்டி ராஜ்யம் 1815-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதுவரை மலைநாட்டுக்குச் சரியான சாலை கிடையாது. காடும் கணவாயும்தான் கண்டி மன்னருக்குக் கோட்டை. ஆங்கிலேயர் முதலில் செய்தது சாலை போட்டது. கொழும்பு–கண்டிச் சாலையைப் போட்ட இன்ஜினீயர் கேப்டன் டாசன் 1829-ல் இறந்தார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் 1832-ல் கட்டிய கோபுரம் இன்றும் சாலையோரம் நிற்கிறது. நாங்கள் திரும்பும்போது பார்த்தோம். இன்ஜினீயருக்குக் கோபுரம் உண்டு. கல் உடைத்தவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

சாலை வந்ததும் கோப்பி வந்தது. நாம் காபி என்பதை அங்கே கோப்பி என்பார்கள். கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் 1820-களின் தொடக்கத்தில் கோப்பித் தோட்டம் போட்டார். மலையக மக்கள் தங்கள் இருநூறு வருடக் கணக்கை 1823-லிருந்துதான் எண்ணுகிறார்கள். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பிக்கு ஆதரவு கொடுத்தார். 1830, 40-களில் மலைநாட்டுக் காடெல்லாம் கோப்பியாக மாறியது.

வேலைக்கு ஆள்? கண்டிச் சிங்கள விவசாயிகள் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. அவர்களுக்குச் சொந்த வயலும் சேனைப் பயிரும் இருந்தன. இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 1840-ல் கொண்டுவந்த ஒரு சட்டத்தால், உரிமைப் பத்திரம் இல்லாத காட்டு நிலமும் தரிசும் அரசுடையவை ஆயின. அவை தோட்டத் துரைமார்களுக்கு விற்கப்பட்டன. கிராமத்து ஜனங்களின் மேய்ச்சல் நிலமும் சேனை நிலமும் அதில் போயின. 1848-ல் மாத்தளையில் வெடித்த கலகத்துக்குப் பின்னால் புதுப் புது வரிகளோடு இந்தக் கோபமும் இருந்தது. நிலத்தைப் பறித்தவர் துரை. ஆனால் கிராமத்து ஜனங்கள் தினமும் கண்ணால் பார்த்தது தமிழ்க் கூலியை. பிற்காலத்து மனக்கசப்புக்கு வேர் இங்கே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏழைகள்தான்.

துரைமார் கடலுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை. மழை பொய்த்த ஊர்கள், கடன்பட்ட குடும்பங்கள், நிலமே இல்லாத சாதிகள். கங்காணி ஊருக்கு வருவார். முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணம்தான் முதல் விலங்கு. வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் கடனாக ஏறும். தோட்டத்தில் சேரும்போதே ஆள் கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இவர் கடன் இவ்வளவு என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதுத் துரை அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். இந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது.

சரி, இனி வழிக்கு வருவோம்.

தொண்டி, பாம்பன் போன்ற கரைகளிலிருந்து தோணியில் ஏறுவார்கள். மன்னார்க் கரையில் தலைமன்னார், அரிப்பு போன்ற இடங்களில் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நடை. ஏறத்தாழ 150 மைல், அதாவது சுமார் 250 கிலோமீட்டர். நம் கணக்கில் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டுத் திருச்சியையும் தாண்டும் தூரம். ஒரு நாளைக்கு 12 மைல் என்று வையுங்கள். 150-ஐ 12-ஆல் வகுங்கள். பன்னிரண்டரை நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தலையில் மூட்டை வைத்துக்கொண்டு, வழியில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் இன்னும் கூடும். இதற்கு ஆங்கிலேயர் ஆவணங்களில் 'வடக்குப் பாதை' என்று பெயர்.

நாங்கள் அந்தத் தூரத்தை ஒரு பகலில் கடந்தோம்.

காலையில் தலைமன்னார் பழைய இறங்குதுறைக்குப் போனோம். கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. பழைய பாலம் துருப்பிடித்துக் கிடக்கிறது. எதிரே கடல். சுமார் முப்பது கிலோமீட்டரில் தனுஷ்கோடி. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. 1974-ல் அவர் கப்பல் ஏறியது இந்தத் துறையில்தான். பேத்திதான் கேட்டாள்: "அப்பாயி, இவ்ளோ பக்கத்துல இருக்கே, அப்புறம் ஏன் நாம பிளேன்ல சுத்தி வந்தோம்?" நல்ல கேள்வி. அவள் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவின் பிற்பகுதி.

மன்னார்த் தீவிலிருந்து நீண்ட தாம்போதியைத் தாண்டினால் பெருநிலம். உயிலங்குளம், முருங்கன் வழியாகச் சாலை போகிறது. கட்டுக்கரைக்குளம் என்ற பிரமாண்டமான பழைய ஏரி அருகிலேயே இருக்கிறது. அதன் பிறகு மடுச் சந்தியைத் தாண்டி மதவாச்சி வரை இரண்டு பக்கமும் வறண்ட காடு. மே மாத வெயில். வேனில் ஏசி ஓடுகிறது, ஆளுக்கொரு தண்ணீர் போத்தல். "இந்தக் காட்டுலயா நடந்தாங்க?" என்று மருமகள் கேட்டாள். "ஆமா அக்கா. அப்ப இதவிட அடர்ந்த காடு. யானை, கரடி, சிறுத்தை எல்லாம் இருந்திச்சு. ஆனா மிருகத்தால செத்தவங்களவிட தண்ணியால செத்தவங்கதான் கூட. இல்லாமயும் செத்தாங்க, இருந்த தண்ணியக் குடிச்சும் செத்தாங்க" என்றார் டிரைவர் தம்பி.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. காலரா, வயிற்றுப்போக்கு, மலேரியா. இந்த மூன்றும்தான் அந்தப் பாதையின் எமன்கள். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆகஸ்டுக்குப் பிறகு வரும். அதற்காக வரும்போது வடபுறத்துக் குளங்கள் வற்றிக் கிடக்கும். நோய் கண்டவரைக் கூட்டம் காத்திருந்து பார்க்க முடியாது. விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பின்னாளில் அரசு கிணறு வெட்டியது, தங்கும் கொட்டகை போட்டது, ஆஸ்பத்திரியும் வைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். தோட்டத்தில் சேர்ந்தவர்களுக்குச் செக்ரோலில் பெயர் விழும். வழியில் விழுந்தவர்களுக்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லை.

பேத்தி கேட்டாள், "அவங்க ஏன் பஸ்ல போகல?" பஸ்ஸே கிடையாது கண்ணு என்றேன். "மாட்டு வண்டி?" அது கோப்பி மூட்டைக்கு, மனிதருக்கு இல்லை என்றார் அவளுடைய தாத்தா. அதன் பிறகு அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மதவாச்சியில் யாழ்ப்பாணம்–கண்டிச் சாலையில் சேர்கிறோம். மிகிந்தலை, தம்புள்ளை. தம்புள்ளையில் மதியச் சாப்பாடு. அங்குள்ள குகைக் கோயில் 1991-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. தம்புள்ளையைத் தாண்டினால் காற்று மாறுகிறது. பச்சை வருகிறது. தூரத்தில் மலை தெரிகிறது. நடந்து வந்தவர்களுக்கு அந்த மலையைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும்? வந்துவிட்டோம் என்ற நிம்மதியா, இனிமேல் ஏற வேண்டுமே என்ற பயமா? நான் இதை வேனில் எல்லாரிடமும் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு பதில் சொன்னார்கள். சரித்திரத்தில் இப்படிக் கேட்டுப் பார்ப்பதும் படிப்புதான்.

மாலையில் மாத்தளை. ஊர் நடுவே முத்துமாரியம்மன் கோயில், 108 அடி ராஜகோபுரம். காட்டைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்ட அம்மன். இங்கிருந்துதான் கூட்டம் பிரியும். ஒரு பகுதி கண்டிக்கு, ஒரு பகுதி கம்பளைக்கு, புசல்லாவைக்கு, இன்னும் மேலே. ஒன்றாக நடந்து வந்தவர்கள் இந்த இடத்தில் பிரிந்து, அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமலே போயிருப்பார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் இந்தக் கோயிலுக்குத் தீ வைத்தார்கள். திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

2023-ல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28-ல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடித்தார்கள். மலையகத் தமிழர் மட்டுமல்ல, வழியில் சிங்களரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் கூடச் சேர்ந்து நடந்தார்கள். பதினாறு நாள். மருந்தும் தண்ணீரும் தங்க இடமும் இருந்தும் பதினாறு நாள் ஆனது. நான் போட்ட கணக்கில் பன்னிரண்டரை என்று வந்ததல்லவா? கணக்கு வேறு, கால் வேறு.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள். 1869-ல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி போன இடமெல்லாம் தேயிலை ஏறியது. இங்கேதான் பெரிய மாற்றம். கோப்பிப் பழத்துக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்துக்கு வருடம் முழுக்கப் பருவம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிள்ளியாக வேண்டும். அதற்குப் பெண்கள் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். 1876–78 தாது வருடப் பஞ்சம் இங்கிருந்து ஜனங்களைத் தள்ளியது, தேயிலை அங்கே இழுத்தது. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடித்தனம். பிள்ளை பிறந்தது, பேரன் பிறந்தான், முன்னோரைப் புதைத்த மண்ணும் அங்கேயே ஆனது. துறையூர் பேச்சில் மட்டும் மிஞ்சியது.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதே வருடம் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலும், தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கின. நடந்த காலம் முடிந்தது. மண்டபத்தில் இலங்கை அரசு வைத்திருந்த முகாமில் ஆட்களை நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். மண்டபம் முகாம் என்ற பெயரை நினைவில் வையுங்கள். மறுபடி வரும்.

இனி மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

1931-ல் இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர் ஓட்டுப் போட்டார்கள், தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறந்திருந்தால் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்குத் தகப்பனுடைய பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949-ல் இன்னொரு சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டது. பெரும்பாலோருக்கு அது கைகொடுக்கவில்லை. ஓட்டும் போனது. இந்தியாவும் இவர்களைத் தானாகத் தன் பிரஜை என்று ஏற்கவில்லை. நாடற்றவர்கள் என்று ஒரு புதுப் பெயர் வந்தது.

1964 அக்டோபர் 30. டில்லியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974-ல் பேசினார்கள், ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள்.

நான் முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். மனிதரை இப்படி வகுத்தால் மீதி என்ன வரும் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

அந்த மீதியைப் புசல்லாவையில் பார்த்தேன்.

மாத்தளையிலிருந்து கண்டி, கம்பளை வழியாக மறுநாள் அங்கே போனோம். நம் பந்தலூர், சேரம்பாடி போலவே இருக்கிறது. அதே சில்வர் ஓக் மரம், அதே கொழுந்துக் கூடை, அதே மூடுபனி. என் வீட்டுக்காரரின் அத்தை குடும்பம் அங்கேயே இருக்கிறது. அத்தையின் கணவர் இலங்கைப் பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். என் மாமனார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்த லயக் காம்பரா. அண்ணனும் தங்கையும். 1974-க்குப் பிறகு அவர்கள் சாகும் வரை ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கடிதம் மட்டும் வரும். யுத்த காலத்தில் அதுவும் நின்றது.

அத்தை இப்போது இல்லை. அத்தை மகள் இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரரை வாசலில் பார்த்ததும், "வா மச்சான், கோச்சி ஏத்திவிட்டப்ப அரைக்கால் சட்டை போட்டிருந்த" என்றார். ஐம்பது வருடத்துக்கு அப்புறம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு இருவரும் அழுதார்கள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

சாயந்திரம் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து தன் தகப்பனாரின் பிரஜா உரிமைச் சான்றிதழை எடுத்து வைத்தார். என் வீட்டுக்காரர் இங்கிருந்து கொண்டுபோயிருந்த குடும்ப அட்டையை எடுத்தார். தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்தார்களே, அந்த அட்டை. அதில் ஐந்து பெயர்கள். ஐந்தாவது பெயர் இவருடையது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பாயில் வைத்தார்கள். ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் குடியிருந்தவர்கள். ஒரு தாள் இவர் இந்தியர் என்கிறது, மற்றது இவர் இலங்கையர் என்கிறது. இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. அவரும் நாங்கள் வந்த சாலையில் நடந்து வந்தவர் என்று வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். பேத்தி இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்போ நாம யாரு தாத்தா?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. அத்தை மகள்தான் சொன்னார்: "நீ எங்க வீட்டுப் புள்ள."

மலையிலிருந்து ரயிலில் ஏற்றி மதவாச்சி வழியாகத் தலைமன்னாருக்குக் கொண்டுபோனார்கள். முன்னோர் நடந்து வந்த மதவாச்சி–மன்னார் வழியிலேயே பேரப்பிள்ளைகள் ரயிலில் திரும்பினார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. இறங்கியதும் மண்டபம் முகாம். போகும்போது நோய் பார்த்த அதே முகாம், வரும்போது எந்த ஊர் என்று பிரித்து அனுப்பியது. சிலரை நீலகிரிக்கு, சிலரை வால்பாறைக்கு, சிலரை கர்நாடகத்தில் சுள்ளியா ரப்பர்த் தோட்டத்துக்கு, சிலரை அந்தமான் நிகோபாரில் கச்சால் தீவுக்கு. நம் பக்கத்தில் 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் இவர்களுக்காகவே தொடங்கியது. பிறகு அதுதான் டேன்டீ ஆனது. உங்களில் பலர் பிறந்து வளர்ந்த லயங்கள் அப்படி உண்டானவை.

1984-ல் யுத்தத்தால் கப்பல் நின்றது. தலைமன்னார் ரயிலும் பிறகு நின்றது. யுத்தம் முடிந்து 2015 மார்ச்சில்தான் ரயில் மறுபடி தலைமன்னார் வந்தது. அந்தத் துறையில் மட்டும் கப்பல் இல்லை. பேத்தியின் கேள்விக்கு இதுதான் பதில். இலங்கையில் மீதி இருந்த நாடற்றவர்களுக்கு 1988-லும் 2003-லும் சட்டம் கொண்டுவந்து குடியுரிமை கொடுத்தார்கள். 1948-ல் பறித்ததைக் கொடுத்து முடிக்க ஐம்பத்தைந்து வருடம் ஆயிற்று.

மாணவச் செல்வங்களே, உங்கள் தாத்தா பாட்டியை யாராவது அகதி என்றால் திருத்துங்கள். அகதிகள் மதிப்புக் குறைந்தவர்கள் என்பதற்காக அல்ல, இது வேறு சரித்திரம் என்பதற்காக. அவர்கள் இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள். பிழைக்கப் போனவர்கள் என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் அதையும் திருத்துங்கள். ஒரு நாட்டின் மலையைத் தேயிலை மலையாக்கியது அவர்கள் கை. அந்த நாடு பல காலம் அந்த வருமானத்தில்தான் நடந்தது. பிறகு இங்கே வந்து, நம் மலையிலும் அதையே மறுபடி செய்தார்கள். ஒரே தலைமுறை இரண்டு தடவை.

இப்போது வீட்டுப்பாடம். 1974-ல் இருபது வயதில் வந்தவருக்கு 2024-ல் எழுபது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கேள்வி கேட்டு எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? பக்கத்து டவுன் எது? எந்த வருடம், எந்த மாதம் கப்பல் ஏறினீர்கள்? அங்கேயே தங்கிவிட்ட சொந்தம் யார் யார்? இந்தியாவில் பூர்வீக ஊர் எது? குடும்ப அட்டை இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய கடித உறைகளைக் குப்பையில் போடாதீர்கள். அவற்றில் விலாசம் இருக்கும். அத்தை மகளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு உதவியது 1981-ல் வந்த ஒரு உறையின் பின்பக்கம்தான்.

தோட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். டிரைவர் தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவருக்கு மலையகத்தில் தெரியாத தோட்டம் குறைவு. விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இதுவரை மூன்று பேருக்குக் கேட்டிருக்கிறேன், ஒருவருக்குப் பெரியம்மா குடும்பம் கிடைத்துவிட்டது.

எழுதிவிட்டுச் சொல்லுங்கள். பிழை இருந்தால் பழையபடி சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்